1.5 எந்த நிறம்?

இந்த வார எபிசோட்ல டேட்டா விஷுவலைசேஷன் பத்திப் பேசினப்போ, "என் தங்கச்சி பேப்பர் அனுப்பின கதை ஒண்ணு இருக்கு, அதை மடல்ல எழுதுறேன்"னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டேன். அந்தக் கதைதான் இது. ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் படம் தயார் பண்றவங்களுக்கு நேரடியா உதவும். மத்தவங்க ஆபீஸ் டாஷ்போர்டை மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க. எல்லாம் ஒரே சமாச்சாரம்தான்.

ராத்திரி பத்து மணி போன்

போன ஆகஸ்ட் மாசம். ரவுண்ட் ராக்ல ராத்திரி பத்து மணிக்கும் வெளியில கால் வைக்க முடியாத வெக்கை. அங்க ஊர்ல காலை எட்டரை. சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல கூப்பிட்டா. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றா. தர்மபுரி மாவட்டத்துல ஒரு தாலுகாவுல கிணறு, போர்வெல் தண்ணியில புளோரைடு எவ்வளவு இருக்குங்கிறதுதான் தலைப்பு.

"அண்ணா, ஜர்னல்ல இருந்து மெயில் வந்திருக்கு. பேப்பரை ரிஜெக்ட் பண்ணல, ஆனா படம் எதுவுமே சரியில்லையாம். ஏழு நாள்ல மாத்தித் தரணும். நீங்கதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கீங்கல்ல?"

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன்னா பிரின்டர்ல இருந்து பிஎச்டி வரைக்கும் எல்லாம் ரிப்பேர் பண்ணுவான்ங்கிறது நம்ம குடும்பங்களோட நம்பிக்கை. நான் கான்ட்ராக்ட்ல வேலை பாக்குறவன். யார் கேட்டாலும் "பாக்கலாம்"னு சொல்லிப் பழகிட்டேன். மெயிலை ஃபார்வர்ட் பண்ணச் சொன்னேன்.

மெயில்ல மூணு புகார் இருந்தது. ஒண்ணு, படத்தோட அளவும் ரெசல்யூஷனும் பத்தல. ரெண்டு, எழுத்து படிக்க முடியல, ஃபான்ட் பைல்குள்ள சரியா இல்ல. மூணு, ஒரு ரிவ்யூவர் எழுதினது: நிறங்களை மறுபடி யோசிக்கவும். முதல் ரெண்டும் ஒரு ராத்திரி வேலை. மூணாவதுதான் எங்க ரெண்டு பேரையும் வாரம் பூரா தூங்க விடல.

முதல் புகார்: அளவு

அவ அனுப்பின வரைபடம் பவர்பாயின்ட் ஸ்லைடுல இருந்து எடுத்தது. 960 பிக்சல் அகலம், 720 உயரம். லேப்டாப்ல பார்த்தா பளிச்சுனு இருக்கு. ஆனா ஜர்னல் பக்கத்துல அது 190 மில்லிமீட்டர் அகலத்துக்கு அச்சாகணும். 190 மில்லிமீட்டர்னா ஏறக்குறைய 7.5 இஞ்ச். 960-ஐ 7.5-ஆல வகுத்தா இஞ்சுக்கு 128 புள்ளி. கேட்டது 300.

"லேப்ல ஒருத்தர் போட்டோஷாப்ல 300-னு மாத்திக் குடுத்தாரேண்ணா?"

இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. 300-னு ஒரு எண்ணை மாத்தினா ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, பிக்சல் அப்படியே இருக்கும், அச்சாகுற அகலம் மட்டும் சுருங்கும். இல்லேன்னா, மென்பொருள் இல்லாத பிக்சலைத் தானே கற்பனை பண்ணி நிரப்பும். மோர்ல தண்ணி ஊத்தின மாதிரி, அளவு கூடும், சத்து கூடாது. அதனால படத்தை அது பிறந்த இடத்துக்கே போய்த் திரும்ப வரையணும். அவளோட ஸ்கிரிப்ட் பைத்தான்ல, மேட்பிளாட்லிப்ல இருந்தது. நல்ல வேளை.

விதிகள் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் கொஞ்சம் மாறும். ஆனா அடிப்படை ஒண்ணுதான். எல்சவியர் ஜர்னல்கள்ல ஒரு பத்தி அகலம் 90 மில்லிமீட்டர், முழுப் பக்க அகலம் 190. புகைப்படம் மாதிரியான படத்துக்கு 300 டிபிஐ, கோட்டுப் படத்துக்கு 1000, ரெண்டும் கலந்ததுக்கு 500. நேச்சர்ல ஒரு பத்தி ஏறக்குறைய 90, ரெண்டு பத்தி ஏறக்குறைய 180. பிளாஸ் ஒன் டிஃப் அல்லது இபிஎஸ் மட்டும்தான் வாங்கும். 300 டிபிஐ-ல அகலம் 2250 பிக்சலையும் உயரம் 2625 பிக்சலையும் தாண்டக் கூடாது, பைல் 10 எம்பிக்குள்ள இருக்கணும்.

இதுல இருந்து ஒரே ஒரு பழக்கம் எடுத்துக்கிட்டாப் போதும்: வரையும்போதே கடைசி அளவுல வரையணும். பெருசா வரைஞ்சு அப்புறம் சுருக்கக் கூடாது. 10 இஞ்ச் அகலத்துல 10 பாயின்ட் எழுத்தோட ஒரு படம் வரையறீங்க. அதை 90 மில்லிமீட்டர் பத்திக்குள்ள நுழைச்சா எழுத்து 3.5 பாயின்டா சுருங்கிடும். மாத்திரை அட்டைக்குப் பின்னாடி இருக்கிற எழுத்தை விடச் சின்னது. நேச்சர் கேக்குறது 5-ல இருந்து 7 பாயின்ட் வரைக்கும். மேட்பிளாட்லிப்ல ஃபிக்சைஸ்னு குடுக்குறது இஞ்ச் கணக்கு. அங்கேயே 3.54 இல்லேன்னா 7.48-னு குடுத்துட்டு, எழுத்தை 7 பாயின்ட்ல வெச்சா, ஸ்கிரீன்ல 100 சதவீதத்துல பாக்குறதுதான் அச்சுல வரும்.

இன்னொரு கண்ணி வெடி. ஓரத்து வெள்ளையை வெட்டுறதுக்காக எல்லாரும் சேவ்ஃபிக்ல பிபாக்ஸ் டைட்னு போடுவோம். அது வெட்டுறப்போ படத்தோட அகலத்தையே மாத்திடும். 7.48 கேட்டா வேற ஏதோ ஒண்ணு வரும், ஒவ்வொரு படத்துக்கும் வேற வேற. அதுக்குப் பதிலா கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட் போடுங்க. அளவு மாறாம உள்ள இருக்கிறது மட்டும் ஒழுங்காகும்.

ரெண்டாவது புகார்: எழுத்து

கோடு, எழுத்து, அச்சு இதெல்லாம் வெக்டாரா, அதாவது பிடிஎஃப் இல்ல இபிஎஸ்ஸா போறது நல்லது. எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாது. ஜேபெக் மட்டும் வேண்டவே வேண்டாம். அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாப் பிரிச்சுச் சுருக்குது. முகத்துக்கு அது பரவாயில்ல. மெல்லிசான கறுப்புக் கோட்டைச் சுத்தி அழுக்குப் படிஞ்ச மாதிரி ஆயிடும். பிக்சல் படமாத்தான் வேணும்னு கேட்டா டிஃப், எல்இசட்டபிள்யூ சுருக்கத்தோட. அதுல தரம் ஒரு பொட்டும் குறையாது.

பிடிஎஃப்ல ஒரு விஷயம் கவனிக்கணும். மேட்பிளாட்லிப் சும்மா விட்டா எழுத்தை டைப் 3-ங்கிற வகையில உள்ள வைக்கும். ஐட்ரிபிள்ஈ மாநாடுகளோட பிடிஎஃப் சோதனை அதைத் திருப்பி அனுப்பிடும். ஃபான்ட்டைப்ங்கிற அமைப்பை 42-னு மாத்தினா ட்ரூடைப்பா போகும். ஒரே வரி. இந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் விடிய விடிய உக்காந்திருப்பாங்களோ.

ரெண்டு புகாரையும் சரி பண்ணி முடிக்கிறப்போ இங்க மணி பன்னெண்டரை. "சூப்பர்ண்ணா, அப்ப கலர் மட்டும் மாத்திட்டா முடிஞ்சுதுல்ல?"ன்னா.

நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மூணாவது புகார்: நிறம்

ஸ்கிரீனை ஷேர் பண்ணி, "இதோ இந்தச் சிவப்புக்கும் இந்தப் பச்சைக்கும் நடுவுல வர்றதுதான் பார்டர்"னு காட்டினா.

"எந்தப் பச்சை?"

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அவளுக்கு ஞாபகம் வந்திருச்சு. எனக்குச் சிவப்பு, பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனப்போ டாக்டர் புள்ளி புள்ளியா இருக்கிற இஷிஹாரா புத்தகத்தைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொன்னார். நான் "எண்ணா? எங்க?"ன்னு கேட்டது வீட்ல இன்னைக்கும் ஜோக். வேலையில அது ஜோக் இல்ல. ஒரு கிளையன்ட் இடத்துல டாஷ்போர்டுல சின்ன உருண்டை பச்சையில இருந்து சிவப்பானதைக் கவனிக்காம, சர்வர் படுத்துக் கிடந்தது தெரியாம உக்காந்திருந்திருக்கேன். நான் எதுவும் சொல்லிக்கல. கான்ட்ராக்டர் எதையும் சொல்லிக்க மாட்டான்.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு, அதாவது 12 பேர்ல ஒருத்தருக்கு, இந்தச் சிவப்பு-பச்சைக் குறை உண்டு. பெண்கள்ல 200-ல ஒருத்தருக்கு. இதுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கிறதால இந்த வித்தியாசம். அந்தக் கணக்கை எடுத்துக்கிட்டா, உங்க பேப்பரைப் பாக்குற எடிட்டர், ரெண்டு ரிவ்யூவர் மூணு பேரும் ஆணா இருந்தா, அதுல ஒருத்தராவது என்னை மாதிரி இருக்க 22 சதவீதம் வாய்ப்பு. இது ஓரத்துல நிக்கிற பிரச்சினை இல்ல.

ஆனா அவ படத்துல கோளாறு என் கண்ணோட மட்டும் நிக்கல. அவ பயன்படுத்தினது ஜெட்ங்கிற வண்ண வரிசை. கருநீலம், நீலம், வெளிர்நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு. வானவில் மாதிரி. வானிலைப் படத்துல இருந்து மூளை ஸ்கேன் வரைக்கும் எல்லாத்துலயும் பார்த்திருப்பீங்க.

ஜெட்டோட சிக்கல் வெளிச்சத்துல இருக்கு. நம்ம கண்ணு ஒரு படத்துல விளிம்பைத் தேடுறது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தை வெச்சுத்தான். நல்ல வண்ண வரிசைன்னா மதிப்பு ஏற ஏற வெளிச்சமும் சீரா ஏறணும், இல்ல சீரா இறங்கணும். ஜெட் அப்படி இல்ல. இருட்டுல தொடங்கி, வெளிர்நீலத்துல திடீர்னு வெளிச்சமாகி, மஞ்சள்ல உச்சிக்குப் போய், மறுபடி இருட்டுல முடியுது. கறுப்பு வெள்ளையில பிரின்ட் எடுத்தா மிகக் குறைஞ்சதும் மிக அதிகமானதும் ஒரே மாதிரி கருப்பா நிக்கும். வெளிர்நீலமும் மஞ்சளும் வர்ற இடத்துல டேட்டாவுல இல்லாத கோடு தெரியும். நடுவுல இருக்கிற பச்சையில, டேட்டாவுல இருக்கிற மாற்றம் மறைஞ்சு போகும்.

இது வெறும் அழகியல் இல்ல. 2011-ல ஹார்வர்டுல மிஷெல் போர்கின் குழு ஒரு சோதனை பண்ணாங்க. இதய ரத்தக் குழாய்ல ஆபத்தான இடங்களை மருத்துவ மாணவர்கள் கண்டுபிடிக்கணும். வழக்கமான முப்பரிமாணப் படம், வானவில் நிறம்: 39 சதவீதம் இடங்களைத்தான் கண்டுபிடிச்சாங்க. அதே படம், நிறத்தை மட்டும் மாத்தினப்போ 71. படத்தைத் தட்டையா இருபரிமாணமாக்கி நிறத்தையும் மாத்தினப்போ 91. டேட்டா ஒண்ணேதான்.

ஐ-35-ல தெற்கே கொஞ்சம் போனா

இதுக்கான மருந்து வெளியுலகத்துக்கு வந்தது எங்க பக்கத்து ஊர்ல. ரவுண்ட் ராக்ல இருந்து ஐ-35-ல தெற்கே போனா, டிராஃபிக் இல்லேன்னா, அரை மணி நேரத்துல ஆஸ்டின். சயின்டிஃபிக் பைத்தான்காரங்க கூடுற சைபை மாநாடு பல வருஷம் அங்கதான் நடந்தது.

மேட்பிளாட்லிப்பை எழுதினவர் ஜான் ஹன்டர். சிகாகோ பல்கலைக்கழகத்துல நரம்பியல் ஆய்வாளரா இருந்தவர். வலிப்பு நோயாளிகளோட மூளை மின்சமிக்ஞைகளைப் பாக்க ஒரு கருவி தேவைப்பட்டுச்சு, தானே எழுதினார். முதல் வெளியீடு 2003-ல. மேட்லாப் பழகினவங்க சுலபமா வரணும்னு அதோட பல வழக்கங்களை அப்படியே எடுத்துக்கிட்டார். ஜெட்டும் அப்படி வந்து குடியேறினதுதான். 2012 ஜூலையில ஆஸ்டின் சைபை மாநாட்டுல முக்கிய உரை நிகழ்த்தினார். அதுக்கப்புறம் கேன்சர்னு தெரிஞ்சு, அதே வருஷம் ஆகஸ்ட் 28-ல காலமானார். வயசு 44.

2014-ல மேட்லாப் ஜெட்டை விட்டுட்டு பருலாங்கிற புது வரிசைக்கு மாறிடுச்சு. ஆனா பருலா அவங்க சொத்து. ஓப்பன் சோர்ஸ்காரங்க அதை எடுத்துப் போட முடியாது. அதனால நத்தானியல் ஸ்மித், ஸ்டெஃபான் வான் டெர் வால்ட் ரெண்டு பேரும் கணக்குப் போட்டே புதுசா வரிசைகளை உருவாக்கினாங்க. மனிதக் கண்ணு ரெண்டு நிறத்துக்கு நடுவுல எவ்வளவு தூரம் உணருதுங்கிறதுக்கு ஒரு கணித மாதிரி இருக்கு. அந்தத் தூரம் வரிசை முழுக்கச் சமமா இருக்கணும், கறுப்பு வெள்ளையிலும் ஒழுங்கா வரணும், நிறக்குறை உள்ளவங்களுக்கும் புரியணும். இதுதான் நிபந்தனை. ஏ, பி, சி, டின்னு நாலு. 2015 ஜூலையில ஆஸ்டின் மேடையில அதை விளக்கினாங்க. டி-யோட உருவாக்கத்துல எரிக் ஃபயரிங்கும் சேர்ந்திருந்தார். அதுதான் விரிடிஸ். கரும் ஊதாவுல தொடங்கி, நீலம், பச்சை வழியா வெளிர் மஞ்சள்ல முடியும். மேட்பிளாட்லிப் 1.5-ல சேர்ந்தது, 2017 ஜனவரியில வந்த 2.0-ல இயல்புநிலையாச்சு. பொதுச் சொத்தா விட்டுட்டாங்க. இன்னைக்கு ஆர்-ல இருந்து ஜாவாஸ்கிரிப்ட் வரைக்கும் எங்கும் இருக்கு.

அப்ப இயல்பாவே விரிடிஸ் வந்திருக்கணுமே, தங்கச்சி எதுக்கு ஜெட் போட்டா? கைட் சார் கேட்டார்னு. "சிவப்பு இருந்தாத்தான் ஆபத்துன்னு தெரியும்"னாராம். அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அவர் இருபது வருஷமாப் பார்த்த பேப்பர் எல்லாம் அப்படித்தான் இருந்தது.

பச்சைக்குள்ள ஒளிஞ்ச ஊர்

ஸ்கிரிப்ட்ல ஜெட்ங்கிற வார்த்தையை அழிச்சிட்டு விரிடிஸ்னு போட்டு ரன் பண்ணா. படம் வந்தது. "என்னண்ணா இது, பார்டரையே காணோம்!"

அவ கட்டுரையோட முக்கியமான பத்தி என்னன்னா, தாலுகாவுல புளோரைடு அதிகமான மூணு திட்டுகள் இருக்கு, அதோட எல்லைகள் தெளிவா இருக்கு, மத்த இடம் பெருமளவு பரவாயில்ல. புதுப் படத்துல திட்டுகள் இருந்தது. தெளிவான எல்லை இல்ல. மெதுமெதுவா கூடிக் குறையுற சரிவுதான் இருந்தது.

கூட்டிக் கழிச்சுப் பார்த்தோம். அவளோட அளவுகோல் லிட்டருக்கு 0-ல இருந்து 3 மில்லிகிராம். ஜெட்ல பளிச்சுனு மஞ்சள் வர்றது வரிசையோட மூணுல ரெண்டு பங்கு தூரத்துல. அதாவது 2-க்குக் கிட்ட. வெளிர்நீலப் பட்டை வர்றது 1-க்குக் கொஞ்சம் மேல. அவ "எல்லை"ன்னு எழுதினது அந்த மஞ்சள் பட்டையை.

இப்ப 1.5 எந்த நிறம்? நட்ட நடுவுல. பச்சை.

உலக சுகாதார நிறுவனம் குடிநீர்ல புளோரைடுக்குச் சொல்ற வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயம் 1.0-தான் ஏற்கத்தக்கதுன்னு சொல்லுது. வேற தண்ணி இல்லேன்னா 1.5 வரைக்கும். ஆக, பேப்பர்ல இருக்கிற ஒரே முக்கியமான கோடு 1.5. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 1.4-ம் பச்சை, அந்தப் பக்கம் 1.6-ம் பச்சை. பச்சைன்னா நம்ம மனசுல என்ன? சிக்னல் பச்சை. போகலாம், குடிக்கலாம்.

பட்டியலைத் திறந்தோம். அறுபத்துச் சொச்சம் கிணறுகள். அதுல பத்துக்கும் மேல 1.5-க்கும் 2-க்கும் நடுவுல. அத்தனையும் படத்துல பச்சையில கிடந்தது. அதுல ஒண்ணு எங்க அம்மாச்சி ஊர்ப் பொதுக் கிணறு. 1.7.

அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. எங்க மாமாவோட பல்லுல பழுப்புக் கறை. "வெத்தல போடுவியா?"ன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. அவர் வெத்தலையைத் தொட்டதே இல்ல. பல்லு உருவாகுற வயசுல குடிச்ச தண்ணி அது. அளவு இன்னும் அதிகமாகி வருஷக்கணக்குல குடிச்சா எலும்பு வரைக்கும் போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குன்னே ஜப்பானிய நிதியுதவியோட வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோட பேர்லயே புளோரோசிஸ் தணிப்புங்கிற வார்த்தை இருக்கு. குழாய்ல காவிரித் தண்ணி வந்தாலும், தோட்டத்துல வேலை செய்றவங்க தாகத்துக்குக் குடிக்கிறது பக்கத்துல ஓடுற போர் தண்ணியத்தான்.

"இந்தப் படத்தை யாராவது எடுத்துட்டுப் போய் எந்த ஊருக்கு ஃபில்டர் வைக்கலாம்னு முடிவு பண்ணினா?"ன்னு கேட்டேன். அவ பதில் சொல்லல. போனை வெச்சுட்டா. அங்க மதியம் பன்னெண்டு.

சார் கிட்ட எப்படிச் சொல்றது

மறுநாள் அவளே கூப்பிட்டா. "படத்தை மாத்துறது பிரச்சினை இல்லண்ணா. பத்தியை மாத்தணும். 'தெளிவான எல்லை'ங்கிறது சுருக்கத்துலயும் இருக்கு. சார் கிட்ட எப்படிச் சொல்றது?"

அவளோட பயம் நியாயமானது. வெளியில இருந்து பாக்குற எனக்கு இது வண்ண மாற்றம். அவளுக்கு இது மூணு வருஷ வேலையோட தலைப்புச் செய்தி. ஏழு நாள்ல ரெண்டு போயாச்சு. பழைய படத்தையே பெரிய அளவுல, புது ஃபான்ட்ல அனுப்பிட்டு, நிறம் பத்தின புகாருக்கு மட்டும் பணிவா ஒரு பதில் எழுதியிருந்தா ஒருவேளை போயிருக்கும். நாங்க ரெண்டு பேரும் அதை யோசிக்கலன்னு சொன்னா பொய்.

இன்னொரு சபலமும் இருந்தது. ஒரு திட்டுக்கு நடுவுல ஒரே ஒரு கிணறு 0.6 காட்டுச்சு. "அது படத்தைக் கெடுக்குது"ன்னு லேப்ல ஒருத்தர் சொன்னாராம். அதைத் தூக்கிட்டா படம் இன்னும் அழகா வரும். இது மட்டும் கூடவே கூடாதுன்னு சொன்னேன். எலிசபெத் பிக் குழு 2016-ல 40 ஜர்னல்கள்ல இருந்து 20,621 உயிரியல் கட்டுரைகளைப் பார்த்ததுல, 3.8 சதவீதத்துல படங்கள் திரும்பத் திரும்ப வந்தது மாதிரியான சிக்கல் இருந்தது. வெளியான பிறகு கண்டுபிடிக்க இப்ப ஆளும் இருக்கு, மென்பொருளும் இருக்கு. முழுப் படத்துக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் கூட்டலாம். ஒரு மூலையை மட்டும் தொட்டா அது திருத்தம் இல்ல, திரிப்பு. அந்த 0.6 கிணறு ஏன் அப்படின்னு தெரியாட்டி, தெரியலன்னு ஒரு வரி எழுதலாம்.

கைட் சார் கிட்ட அவ வாயால எதுவும் வாதாடல. நாலு படம் பிரின்ட் எடுத்துட்டுப் போனா. பழைய படம் நிறத்துல, பழைய படம் கறுப்பு வெள்ளையில, புதுப் படம் நிறத்துல, புதுப் படம் கறுப்பு வெள்ளையில. கூட கிணறுப் பட்டியல், 1.5-ல இருந்து 2 வரைக்கும் இருக்கிறதெல்லாம் மார்க்கர்ல கோடு போட்டு. சார் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல ஆபத்தான திட்டு எதுன்னு காட்டப் போய், புளோரைடே இல்லாத ஓரத்தைக் காட்டினாராம். ரெண்டும் ஒரே கருப்பு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "சுருக்கத்தையும் மாத்திடும்மா"ன்னாராம். அவ்வளவுதான். ஒருத்தரைத் தப்புன்னு சொல்றதை விட, அவர் கையாலயே பார்க்க வைக்கிறது சுலபம்.

கடைசியா அனுப்பின படம் இப்படி இருந்தது. விரிடிஸ் நிறம், மேல 1.5-க்குக் கனமான கறுப்புக் கோடு, 1.0-க்குப் புள்ளிக்கோடு. ஒவ்வொரு கிணறும் அதே இடத்துல குறியோட: வரம்புக்குள்ள இருந்தா வட்டம், தாண்டினா முக்கோணம். கிணறே இல்லாத தூர இடங்கள்ல நிறம் போடல, சாம்பல் கோடு போட்டு விட்டோம். ரெண்டு கிணத்துக்கு நடுவுல இருக்கிற நிறம் அளந்தது இல்ல, கணிச்சது. அதைப் படம் ஒத்துக்கணும். நிறத்தை மொத்தமா எடுத்துட்டாலும் கோடும் குறியும் பேசும். எனக்கு முதல் தடவையா அவ படம் புரிஞ்சது.

"தெளிவான எல்லை" போச்சு. "வரம்பைத் தாண்டிய கிணறுகள் மூன்று திட்டுகளுக்கு வெளியேயும் பரவியுள்ளன"ங்கிறது வந்தது. அழகு குறைச்சல். ஆனா அம்மாச்சி ஊர் அதுக்குள்ள இருக்கு.

தமிழ்ல ஒரு படம்

ஒரு சின்ன இணைப்பு. தண்ணி எடுத்த ஊர்கள்ல குடுக்கிறதுக்காக ஊர்ப் பேரெல்லாம் தமிழ்ல போட்டு இன்னொரு படம் கேட்டா. மேட்பிளாட்லிப்போட சொந்த ஃபான்ட்ல தமிழ் கிடையாது, கட்டம் கட்டமா வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டோம். எழுத்து வந்தது, ஆனா கொம்பு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். நாங்க பயன்படுத்தின வெர்ஷன் எழுத்துகளை வரிசையா அடுக்குமே தவிர, 'கொ'வுக்கு முன்னாடி கொம்பை நகர்த்தத் தெரியாது. எம்பிஎல்கெய்ரோங்கிற துணைத் தொகுப்பை ராக்மோட சேர்த்துப் போட்டா சரியா வருது. பொறுமை இல்லேன்னா, எழுத்தில்லாம எஸ்விஜியா எடுத்துட்டு இங்க்ஸ்கேப்ல பேரை எழுதிக்கலாம்.

அனுப்புறதுக்கு முன்னாடி

ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சுக்க ஒரு பட்டியல்:

1. ஜர்னலோட பத்தி அகலத்தை முதல்ல பாருங்க. மில்லிமீட்டரை 25.4-ஆல வகுத்து, அந்த இஞ்ச்லயே வரையுங்க.
2. கோடும் எழுத்தும் வெக்டார். பிக்சல் வேணும்னா டிஃப். ஜேபெக் வேண்டாம்.
3. பிடிஎஃப்ல ஃபான்ட்டைப் 42.
4. கறுப்பு வெள்ளையில ஒரு பிரின்ட். அர்த்தம் மாறினா வண்ண வரிசை தப்பு.
5. கலர் ஆரக்கிள்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. என்னை மாதிரி ஆளுக்கு உங்க ஸ்கிரீன் எப்படித் தெரியும்னு காட்டும். ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்க.
6. உங்க துறையில முக்கியமான எண் எதுவோ, அது உங்க படத்துல எந்த நிறத்துல விழுதுன்னு கேளுங்க. அங்க ஒரு கோடு போடுங்க.
7. படத்தை வரைஞ்ச ஸ்கிரிப்டையும் மூல டேட்டாவையும் ஒரே ஃபோல்டர்ல பத்திரமா வைங்க. ஏழு நாள் கெடு எப்ப வரும்னு தெரியாது.

அவ பேப்பர் மறுபடி ரிவ்யூல இருக்கு. முடிவு இன்னும் வரல. ஆறாவது நாள் ராத்திரி, அங்க ஏழாவது நாள் காலையில, சப்மிட் பட்டனை அழுத்தினா. அப்புறம் தமிழ்ப் படத்தை அம்மாச்சிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கா. அம்மாச்சி கேட்ட ஒரே கேள்வி: "நம்மூர் வட்டமா, முக்கோணமா?"

நாங்க வரைஞ்ச ஸ்கிரிப்ட், கிணறு விவரம் இல்லாம, வேணும்னா இந்த மடலுக்கே பதில் போடுங்க, அனுப்பி வைக்கிறேன். உங்க டாஷ்போர்டுல சிவப்பும் பச்சையும் மட்டுமே இருந்தா, பக்கத்துல ஒரு டிக்கும் ஒரு பெருக்கல் குறியும் போட்டு விடுங்க. உங்க டீம்ல யாரோ ஒருத்தர் சொல்லாம இருக்காங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.